அன்ரன் அண்ணையின் பெர்ச் பங்கு

தண்ணீருக்குள் நீந்துகிற மீனை, அது வலையில் படுவதற்கு முன்பே ஆளாளுக்குப் பிரித்துக் கொடுக்கிற கந்தோரில்தான் எனக்கு வேலை. கந்தோர் மொன்றியல் நகரத்துக்குள். மீன் இருப்பது ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடினால் வருகிற ஏரியில். படிவங்களோடு மாரடிக்கிற என் சகபாடிகளே, நான் சொல்வது உங்களுக்குத்தான் விளங்கும்.

மீன் இல்லாத மீன் வேலை

ஏரியில் வருடத்துக்கு இவ்வளவு கிலோ பெர்ச் மீன்தான் பிடிக்கலாம் என்று ஒரு அளவு. அதில் உரிமம் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அந்தப் பங்கை ஒரு பருவத்துக்கு மட்டும் இன்னொருவருக்குக் கொடுக்கலாம், ஒரேயடியாக எழுதியும் கொடுக்கலாம். அந்தக் கைமாற்றங்களைப் பதிவதுதான் என் அலுவல்.

இதை, நான் குடியிருக்கிற நோத்ர-டாம்-த-கிரேஸில் என் மேல்வீட்டு அக்காவுக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னா: "அதெல்லாம் சரி பிள்ளை, ஒரு மீனெண்டாலும் வீட்டை கொண்டு வாறனீரோ?"

ஜில்லின் பதினொரு கிலோ

ஜில் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த கியூபெக்காரர். தன் பங்குக்கு மேலே பதினொரு கிலோ பிடித்துவிட்டேன் என்று ஒருநாள் தானே தொலைபேசி எடுத்துச் சொன்னார். மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்! பக்கத்தில் வலை போடுகிற அன்ரன் அண்ணையிடம் மிச்சப் பங்கு இருக்கிறது, கேட்டு வாங்கி ஈடுகட்டுங்கள் என்றேன்.

அன்ரன் அண்ணை யாழ்ப்பாணத்துக் கடற்கரையான குருநகர்க்காரர். டோர்வல் விமான நிலையத்தில் இருபது வருடம் பெட்டி தூக்கிய உழைப்பில் வாங்கிய பங்கு அது. லீவு நாள் முழுக்க அவர் ஏரியில்தான். வலை விரிக்கிற இடத்துக்காக அவருக்கும் ஜில்லுக்கும் ஓயாத சண்டை. ஜில் பிரெஞ்சில் முனகியதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அந்தாளிட்டைக் கேக்கிறதை விட, செத்த மீனுக்கு உயிர் குடுக்கிறது சுகம், மேடம்!"

நான் போட்ட புள்ளடி

போன வசந்தத்தில் பெட்டி தூக்கப் போய் அன்ரன் அண்ணைக்குத் தோள்மூட்டு விலகிவிட்டது. வலை போடாமல் விட்டால் பங்கு பறிபோகும். அதனால், அந்தப் பதினொரு கிலோவுக்கு ஜில் வேறு வழியில்லாமல் வந்து கேட்டபோதும் மறுத்த மனிசன், இந்தப் பருவத்துக்கு மட்டும் ஜில்லிடமே கொடுக்கச் சம்மதித்து என்னிடம் வந்தார்.

அவருக்குப் பிரெஞ்சு வாசிப்பு கஷ்டம். படிவத்தை நானே நிரப்பினேன். அந்தக் கிழமை முழுக்கத் தொழிலை விட்டுப் போகிறவர்களின் படிவங்கள்தான் என் மேசையில். கை பழகிப்போய், பாவி நான், 'நிரந்தரம்' என்ற கட்டத்தில் புள்ளடியைப் போட்டுவிட்டேன். வாசித்துக் காட்டட்டோ என்று கேட்டேன். அவர் பேனையை வாங்கிக்கொண்டு சொன்னார்: "எங்கட தங்கச்சி எழுதினதை நான் வாசிச்சுப் பாக்கிறதோ?"

கரையில் இரண்டு பேர்

ஐந்து கிழமை கழித்துப் பதிவேட்டைச் சரிபார்க்கும்போதுதான் என் பிழையைக் கண்டேன். படிவத்தைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் ஓடினேன். இருவரும் ஒப்பமிட்டாயிற்று, ஜில் தானாகத் திருப்பி எழுதித் தந்தால் ஒழிய வழியில்லை என்று மேலாளர் கையை விரித்துவிட்டார்.

ஜில்லோ, படிவத்தைப் பார்த்து, அன்ரன் அண்ணை தொழிலையே விடுகிறார் என்று நினைத்துப் புதிதாக வலையும் வாங்கிவிட்டார். சட்டப்படி பங்கு அவருடையது. தொலைபேசியில் என் பிழையைச் சொல்லி முடித்தேன். அவர் சொன்னார்: "அந்தாளும் போனால் நான் இஞ்சை ஆரோடை சண்டை பிடிக்கிறது? பேப்பரைக் கொண்டு வாங்கோ."

பிரித்த கடிதம்

ஜில் ஒப்பமிட்டுத் திருத்திய பத்திரத்தோடு பியர்பொன்ட்ஸில் இருக்கிற அன்ரன் அண்ணை வீட்டுக்குப் போனேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று பஸ் முழுக்க ஒத்திகை. அன்ரன் அண்ணையின் முகத்தைக் கண்டதும் எல்லாம் மறந்து அழுதேவிட்டேன். நடந்ததைக் கேட்டவர் மெல்ல எழும்பி, அலுமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். பங்கு நிரந்தரமாகக் கைமாறிவிட்டது என்று எங்கள் கந்தோரே அனுப்பிய கடிதம். எப்போதோ பிரித்திருக்கிறார்கள்.

"மகள் அண்டைக்கே வாசிச்சுச் சொன்னவள், தங்கச்சி. நான் வாய் திறந்தால் உம்மட வேலை போயிடும் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

இப்போதெல்லாம் தெரியாதவர்களின் படிவத்தை ஒரு தரமும், நம்பி வருகிறவர்களின் படிவத்தை மூன்று தரமும் வாசிக்கிறேன்.