கக்கத்துல வந்த செருப்பு

இன்னைக்கு அருப்புக்கோட்டையில புதுச் செருப்பு வாங்கினேன். "இதையே மாட்டிக்கிட்டுப் போங்கய்யா"ன்னாரு கடைக்காரர்.

"வேணாம்ப்பா, பையில போடு"ன்னேன்.

எழுபதுகள்ல, கல்யாணமான புதுசு. மாமனார் எடுத்துக் குடுத்த தோல் செருப்பு. அதுவரைக்கும் எனக்கு வெறுங்கால்தான்.

மாமனார் ஊருக்குப் பாலவனத்தத்துல பஸ்ஸை விட்டு எறங்கிக் காட்டு வழியா நடக்கணும். செருப்பு தேஞ்சிரும்ல? கழட்டிக் கக்கத்துல வச்சுக்குவேன். ஊரு எல்லை வந்ததும் மாட்டிக்கிட்டு, மாப்பிள்ளை மிடுக்கா நுழைவேன்.

ஒரு நா பாதி வழியில கருவேல முள்ளு குதிகால்ல ஏறி ஒடிஞ்சிருச்சு. வலியில செருப்பை மாட்ட முடியல. நொண்டிக்கிட்டு, கக்கத்துச் செருப்போட அவுக வாசல்ல போய் நின்னேன்.

மாமனார் பதறிட்டாக. "என்ன மாப்ள, செருப்பு கடிச்சிருச்சா?"

செருப்பு தேயாம இருக்க வெறுங்கால்ல வந்தேன்னு எந்த மாப்பிள்ளை சொல்லுவான்? ஆமான்னு தலையாட்டினேன்.

"கடிக்கிற செருப்பு ஒங்களுக்கு எதுக்கு?"ன்னு வாங்கி, அவுகளே மாட்டிக்கிட்டுக் காட்டு வேலைக்குக் கெளம்பிட்டாக.

இன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் பையைப் பாத்துட்டு எம் பொஞ்சாதி சொல்றா: "எங்கப்பா இப்ப இல்ல. தைரியமாப் போட்டுக்கங்க."

செருப்பு பீரோவுக்குள்ள போயிருச்சு. ஒங்க வீட்டு பீரோவுல என்னய்யா இருக்கு?