ஞாயிற்றுக்கிழமைப் புருஷனும் டூ-ஸ்ட்ரோக் வண்டியும்

போன வாரம் ஒரகடம் சிக்னலில் ஷேர் ஆட்டோ நின்றபோது, பக்கத்தில் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. கம்பெனி யூனிஃபார்ம் போட்ட பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நான் ஒருத்திதான் நன்றாக மூச்சை இழுத்தேன். பெட்ரோலும் ஆயிலும் கலந்து எரிகிற அந்த வாசனை, நான் புதுப்பெண்ணாக இருந்த நாட்களின் வாசனை. மல்லிகைப்பூ என்று சொல்லத்தான் ஆசை. என்ன செய்வது!

1991. வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். அவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு விடியும்போதே கேட்டில் நிற்க வேண்டும். எங்கள் ஊருக்கு முதல் பஸ்ஸே வெயில் ஏறின பிறகுதான். அதனால் நண்பர்களோடு அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார். எனக்கு வாய்த்தது ஞாயிற்றுக்கிழமைப் புருஷன்.

சொந்த வண்டி இருந்தால் தினமும் வீட்டுக்கு வரலாம். வாலாஜாபாத்தில் அவருடைய மாமா வீட்டுக் கொட்டகையில் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்று ஓடாமல் கிடந்தது. அதன் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "எட்த்துகினு போடா. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பொறு" என்றார் மாமா. பொறுத்திருந்து, டிராக்டரில் ஏற்றி வந்தோம்.

கூடத்தில் சாக்கு விரித்து மொத்தத்தையும் கழற்றினார். ஞாயிறு வந்தால் மண்ணெண்ணெயில் கழுவுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. சிலிண்டரைக் குன்றத்தூர் லேத்துக்குக் கொண்டுபோய்க் கடைந்து, புது பிஸ்டன் போட்டார். மாமியார்தான் பாவம். "சோத்துப் பானைய தொறந்தா நட்டு கீது. இது வூடா, ஒர்க்‌ஷாப்பா?"

எல்லாவற்றையும் மாட்டி உதைத்தால், வண்டி கிளம்பவில்லை. அவரைத் திருப்பி உதைத்தது. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பழைய இரும்புக்காரன் வரட்டும், போட்டுட்றேன்" என்றார் மாமியார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எதனாலங்க உதைக்குது?"

"டைமிங் தப்பு. பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு ஒரு நூலு முன்னாடி பொறி விழணும். இது ரொம்ப முன்னாடியே விழுது. உள்ள கீற பிஸ்டன எப்டிமே பாக்குறது?"

என் பெட்டியில் ஸ்வெட்டர் பின்னும் நீள ஊசி இருந்தது. நம்மூர் வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர் என்று கேட்காதீர்கள். கல்யாணத்துக்கு முன் ஏதோ ஆசையில் கற்றுக்கொண்டது. பிளக்கைக் கழற்றிய ஓட்டையில் அதை இறக்கினேன். அவர் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்த, ஊசி தானாக மேலே வந்தது! பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் ஓட்டை விளிம்பை ஒட்டி ஊசியில் நகச்சாயத்தால் ஒரு கோடு, அதற்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், மேலே இன்னொரு கோடு. பொறியை உண்டாக்கும் பாயின்ட் என்ற சின்ன முனைகளுக்கு நடுவே மிட்டாய்த் தாளைச் செருகி நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். முனைகள் பிரிகிற கணம் தாள் கழன்று வரும். இரண்டாவது கோடு விளிம்புக்கு வரும்போது அது கழல வேண்டும், அவ்வளவுதான். திருகுவார், அழுத்துவார், தப்பும். மறுபடி திருகுவார்.

"வந்துச்சுங்க! கோட்டுலியே வந்துச்சு!"

வண்டியை வாசலுக்குத் தள்ளிப் போய் ஒரே உதை. தெருவே புகை. நாய்கள் ஓடின. அவர் கார்புரேட்டர் திருகை இப்படியும் அப்படியும் திருப்ப, இரைச்சல் அடங்கி ஒரே சீராக ஓடியது. அவர் கத்திய கத்தலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. பின்சீட்டில் ஏற நான் புடவையைச் செருகுவதற்குள், இருமிக்கொண்டே மாமியார் வந்தார்.

"தள்ளு. மொதல்ல வல்லக்கோட்ட முருகன் கோயிலுக்கு நான் போறேன்."

போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். மறுநாள் இருட்டோடு கிளம்பிப் போனவர், ஷிஃப்ட் முடிந்து மத்தியானமே வாசலில் வந்து இறங்கினார். திங்கட்கிழமையில் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டது அன்றுதான் முதல்முறை. வெறும் கத்திரிக்காய்க் குழம்பு. அந்த ருசி பிறகு எந்தக் கல்யாண விருந்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

வண்டியைப் பிறகு விற்றுவிட்டோம், அதில் வருத்தமில்லை. அந்த நாளில் எங்கள் பக்கத்துச் சாலை அவ்வளவு அமைதி. அவர் ஏரிக்கரையில் திரும்பும்போதே வண்டிச் சத்தம் அடுப்படியில் எனக்குக் கேட்டுவிடும். தட்டை எடுத்து வைப்பேன். இப்போது ராவும் பகலும் கன்டெய்னர் லாரிகள். அவர் வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டால்தான் வந்ததே தெரிகிறது.