மறைப்புக்கு இந்தப் பக்கம்

கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு ஒருதரம் நின்றுதான் ஓடும். கண்டாவளையில் எங்கள் வீட்டுக் கிணற்றைச் சுற்றிக் கிடுகு மறைப்பு ஒன்று உண்டு. மாமி குளிக்கும்போது மருமகன் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கக் கூடாது. யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத ஒழுங்கு அது. அன்று காலை ஓட்டோவை ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு நான் மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம், நெஞ்சை அமத்துகிற நோவோடு மாமி குளித்துக்கொண்டிருந்தார்.

குசினியில் பிட்டு அவித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. இடது கை விறைக்குது என்றார். நான் ஓட்டோவைத் திருப்புவதற்குள் எழும்பித் துவாயை எடுத்துவிட்டார். "டொக்டர் தொட்டுப் பாக்கிற உடம்பு, தம்பி. ஒரு வாளி ஊத்திப்போட்டு வாறன்." ஒரு வாளியோடு முடியவில்லை. கப்பி கிறீச்சிடும், தண்ணீர் விழும், திரும்பக் கிறீச்சிடும். உள்ளே என் மனைவி மன்றாடுவது கேட்டது.

"அம்மா, காணும், வாங்கோ."

"இரடி பிள்ளை, சவுக்காரம் போகேல்லை."

"சாகப்போறியளோ?"

"செத்தாலும் குளிப்பாட்டத்தானே போறியள். அந்த வேலையை நான் இப்பவே முடிச்சுத் தாறன்."

உள்ளே போய்த் தூக்கி வந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்க்காரர் அல்ல. மாமிக்கு அது வெறும் சுத்தக்காரத்தனமும் அல்ல. யுத்தத்தின் கடைசி இடம்பெயர்வில் பங்கருக்குள் கிடந்து, கிழிந்த சேலையும் சேறுமாய் முகாமுக்குள் போனவர் அவர். அங்கே அவரைச் சோதித்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். இதைச் சொல்லும்போது மாமி அழமாட்டார். "இனி ஒரு சனத்துக்கு முன்னால அப்பிடிப் போய் நிக்க மாட்டன்" என்பார், அவ்வளவுதான்.

கிளிநொச்சியில் ஈசிஜி எடுத்த கையோடு அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். அங்கே உள்ளே கொண்டுபோன வேகத்தில், அவர் பார்த்துப் பார்த்து உடுத்த சேலையைக் களைந்து ஒரு பையில் போட்டு என் கையில் தந்துவிட்டார்கள். பைக்குள்ளிருந்து சவர்க்கார மணம் வந்தது. அந்தப் பையோடு மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கும்பிடவும் தோன்றவில்லை. ஒருவரும் சத்தம் போடாத அந்த இடத்தில் எனக்குக் கப்பிதான் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்த டொக்டர் சின்னப் பெடியன் மாதிரி இருந்தார். "கைக்குள்ளால வயர் விட்டு, அடைச்ச குழாயைத் திறந்து வலை வைச்சிருக்கிறம். ஆள் தப்பீட்டா. ஆனா இரத்தம் போகாமல் கிடந்த நேரத்தில இருதயத் தசையில ஒரு பங்கு செத்துப்போச்சு, ஐயா. அது திரும்பி வராது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம்." நான் ஓம் என்றேன்.

மாமி கண் விழித்ததும் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான். "துப்புரவாய்த்தானே வந்தனான்?"

"ஓம் மாமி."

டொக்டர் கடைசியாகச் சொன்னதை நானும் மாமிக்குச் சொல்லவில்லை, என் மனைவியும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும்.

பார்க்க வருகிற சனம் பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டு, தப்பினதே பெரிய காரியம் என்கிறார்கள். உண்மைதான். அடைப்புத் திறந்திராவிட்டால் மாமி இல்லை. ஆனால் ஒரு வரம்பிலிருந்து அடுத்த வரம்புக்குக் கேட்கக் கதைத்த மனுசி, இப்போது வாசல் படலை வரைக்கும் நடந்தாலே இளைக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்கிறார். பாதம் வீங்கிக் கிடக்கிறது. சொல்லத் தொடங்கியதை முடிக்க முன் நிறுத்தி மூச்செடுத்து, "என்ர கதைக்கு இப்ப இடைக்கிடை வேலி, தம்பி" என்று சிரிக்கிறார். மருந்து ஒழுங்காகத்தான் போடுகிறார். அதற்கு மேல் எங்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

இன்று கிளினிக் நாள். குளிக்காமல் வரமாட்டார். மறைப்புக்குள் இருந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருக்கிறோம். என் மனைவி வாளியில் அள்ளி நிறைத்துவிடுவாள். ஊற்றுவதை மட்டும் மாமி யாருக்கும் விடமாட்டார். வாளி தூக்க ஏலாததால் சின்னக் கோப்பை. நான் வழமைபோல ஓட்டோவோடு நிற்கிறேன். ஒரு கோப்பைத் தண்ணீர் விழுகிறது. இடைவெளி. இன்னொன்று. பிறகு சத்தமே இல்லை.

"தம்பி, நிக்கிறியளோ?"

"ஓம் மாமி, நிக்கிறன்."

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, ஒரு கோப்பைத் தண்ணீர்.