மூன்றாம் எதிரி

கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். கோவில்பட்டியில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தட்டச்சுக் கடையில் பல வருடமாக அந்தச் சொல்லை அடித்துவருகிறேன். ஒருநாளும் உறுத்தியதில்லை. என் தம்பி ஒரு வழக்கில் மூன்றாம் எதிரி ஆன பிறகுதான் அந்த இடம் வரும்போது விரல் தயங்கியது.

தம்பி பசுவந்தனையில் மினி லாரி ஓட்டினான். உளுந்தும் மக்காச்சோளமும் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு வருவான். அவனுக்கு லோடு பிடித்துக் கொடுத்தவர் ஒரு புரோக்கர். அந்த ஆளும் இன்னொருவரும் நெடுஞ்சாலையில் ஒரு காரில் கஞ்சா மூட்டைகளுடன் பிடிபட்டார்கள். தம்பி அப்போது காய்ச்சலில் கிடந்த மகளோடு வீட்டில் இருந்தான். ஆனால் புரோக்கரின் போனில் அடிக்கடி வந்துபோன நம்பர் தம்பியுடையது. அவனுக்கும் பங்குண்டு என்று புரோக்கர் போலீசிடம் சொன்னதாக ஒரு வாக்குமூலமும் சேர்ந்துகொண்டது. கூட்டுச்சதி என்று வழக்குப் போட்டார்கள்.

விசாரணை நீதிமன்றம் மூன்று பேரையும் குற்றவாளி என்றது. தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். "சின்னப் பிள்ளை இருக்குய்யா" என்றான் தம்பி. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிடிபட்ட அளவுக்குப் பத்து வருடத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, தன்னால் இறங்க முடியாது என்றார். குரலில் கடுமை இல்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

மதுரை ஹைகோர்ட்டில் மேல்முறையீடு செய்தோம். அது முடியும்வரை தம்பியை வெளியே விடக் கேட்ட மனு தள்ளுபடியானது. எங்கள் வக்கீல் வயதான ஒரு அம்மாள். தீர்ப்பையும் சாட்சியங்களையும் தெளிவாக அடித்துத் தர வேண்டும் என்றார். நானே அடிக்கிறேன் என்று வாங்கி வந்தேன்.

அங்கேதான் எனக்குக் கேடு வந்தது. தீர்ப்பை அடிக்க அடிக்க, அதில் சொல்லியிருப்பது சரிதானோ என்று தோன்ற ஆரம்பித்தது. எத்தனையோ பேருடைய தீர்ப்பை அடித்திருக்கிறேன். செய்யாமலா எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருக்கிறேன். தம்பி விஷயத்திலும் மனசு அதே வழியில் போனது.

அடுத்த முறை மனுப் போட்டுச் சிறைக்குப் போனபோது, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டேன்.

"ஏலே, எங்கிட்ட மட்டும் சொல்லு. அந்தாளு என்ன செய்யுதாருன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

அவன் என்னையே பார்த்தான். "நேரமாச்சு. நீ போக்கா" என்று சொல்லித் திரும்பி நடந்தான்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவன் மனைவி போனால் வந்தான்.

மிச்சமிருந்த சாட்சியங்களை அடித்துக்கொண்டிருந்தேன். போலீஸ் அதிகாரியிடம் நடந்த குறுக்கு விசாரணையில் ஒரு வரி இருந்தது. புரோக்கரும் மூன்றாம் எதிரியும் வாடகை லோடு பற்றிப் பேசியிருக்கலாமே என்ற கேள்விக்கு, என்ன பேசினார்கள் என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லியிருந்தார். தீர்ப்பைத் திரும்பப் புரட்டினேன். அதில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மதுரைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். வக்கீலம்மா முன்பே அந்த வரியைக் குறித்து வைத்திருந்தார்.

"பேசினாங்கன்னு காட்டியிருக்காங்க. என்ன பேசினாங்கன்னு காட்டலை. கூட மாட்டினவன் போலீஸ்கிட்ட சொன்னதை வச்சு உங்க தம்பியைத் தண்டிக்கவும் முடியாது. இதைத்தாம்மா நான் சொல்லப்போறேன்."

அந்த வாரமே சிறைக்குப் போனேன். தம்பி வந்தான். மெலிந்திருந்தான்.

"அக்கா அப்படிக் கேட்டது தப்புதான்லே."

"கேட்டது தப்பில்லக்கா. வேற யாரும் கேக்கக்கூட இல்லையே, அவங்களா முடிவு பண்ணிட்டாங்க. நான் பதில் சொல்லாம போனதுதான் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு." கம்பிவலையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியாதுக்கா. உளுந்து லோடு, சோள லோடு, அம்புட்டுத்தான் அவரோட பேச்சு."

வழக்கு பட்டியலில் வரும், எடுக்க நேரமிருக்காது, தள்ளிப்போகும். காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். ஒருநாள் மத்தியானம் எடுத்தார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. மற்ற இருவருடைய தண்டனையை உறுதி செய்தார்கள். தம்பியை விடுதலை செய்தார்கள். அதற்குள் நாலு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டான். காய்ச்சலில் கிடந்த பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். முதல் சில நாட்கள் அவனிடம் எதையும் கேட்கமாட்டாள், அம்மாவிடம் சொல்லிக் கேட்கச் சொல்வாள்.

இப்போது ஊரில் டிராக்டர் ஓட்டுகிறான். மழைக்கு முன்னால் கரிசல் உழ அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும், "பத்து வருஷம்னாங்க, சீக்கிரம் விட்டுட்டாங்களே" என்று இரக்கமாகவே சிலர் கேட்கிறார்கள். ஆரம்பத்தில், "விடல அண்ணாச்சி, நான் செய்யலன்னு தீர்ப்பாயிருக்கு" என்பான். இப்போது தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறான்.

நான் விடுவதில்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஊர்க்கார அம்மா ஒருவர், "நல்லபடியா நடந்துக்கிட்டான்னு விட்டுட்டாவளோ?" என்றார். பசுவந்தனை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அதைப் போகவிட்டு, நின்று முழுவதையும் அவருக்குச் சொன்னேன்.