பீரோவுக்குள் ஒரு லிஃப்ட்

அந்த எட்டு மாடி அலுவலகத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். ஏறுகிறவர்கள் மாடி எண்ணைச் சொல்லிவிட்டுக் கைபேசிக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். நாள் முழுக்க அவர் காதில் விழும் பேச்சு அவ்வளவுதான். மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு இருப்பது இரண்டு வாண்டுகள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாண்டுகள் துணி பீரோவை லிஃப்ட் ஆக்கியிருந்தன. மகள் உள்ளே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாக்பீஸால் வரைந்த பொத்தான்கள்.

"தள்ளாதீங்க, வரிசையில வாங்க" என்று அதட்டினான் தம்பி. வரிசையில் நின்றது அப்பா ஒருவர்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு காலை வெளியே வைத்தபடி ஏறினார்.

"அஞ்சாவது மாடி. என்னம்மா, சாப்பிட்டாச்சா?"

அவள் பொத்தானை அழுத்திவிட்டு நேரே பார்த்தாள்.

"லிஃப்ட்காரம்மா பேசமாட்டாங்களா?"

"ஆள் இருக்கும்போது பேசமாட்டாங்க" என்றான் தம்பி. "அஞ்சாவது மாடி வந்தாச்சு, இறங்குங்க."

இறங்கினார். கதவைச் சாத்திக்கொண்டு அவள் மெதுவாகப் பேசத் தொடங்கினாள்.

"பாப்பா, டிபனை மிச்சம் வைக்காம சாப்பிட்டியா? தம்பி அழுதானா? அப்பா இதோ வந்துடுறேன்."

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவளை வேலைக்குக் கூட்டிப்போய், லிஃப்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தது நினைவுக்கு வந்தது. காலி லிஃப்டில் பேசுவது மூடிய கதவைத் தாண்டி வெளியே கேட்காது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.