மஞ்சள் வந்துச்சா?

என் அக்காவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் ஆபீசில் அவள் சொட்டு மேடம். என் வீட்டுக்காரி, அவள் காதில் விழாதபோது, 'அஞ்சு சொட்டு' என்பாள். பதினோரு வருடமாக அக்காவின் வேலை அதுதான். காலை ஏழு மணிக்கு ஒரு சின்னக் கண்ணாடி டியூபில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மருந்து ஐந்து சொட்டு விட்டு, மூடியைப் போட்டுக் குலுக்குவாள். மஞ்சள் நிறம் வந்தால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, ஊர் குடிக்கலாம். வராவிட்டால் குடிக்கக் கூடாது.

"அஞ்சுன்னா அஞ்சுதான். ஆறாவது விழுந்துட்டா கொட்டிட்டு முதல்லேர்ந்து பண்ணுவேன்" என்பாள். பெருமைதான். டியூபை மூன்று தடவை அலசாமல் தண்ணீர் பிடிக்க மாட்டாள். காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை.

அக்காவைக் கட்டிய மாமாவின் தங்கை புது வீடு கட்டி எங்களையெல்லாம் அழைத்திருந்தாள். உட்கார்ந்ததும் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்கள். அக்கா கைப்பையைத் திறந்து டியூபை எடுத்துவிட்டாள். "ஏண்டி, என் மானத்தை வாங்கவே வந்தியா?" என்று மாமா பல்லைக் கடித்தார். இவள் அசையவில்லை. நிறம் வந்த பிறகு, "குடிங்க குடிங்க, நல்ல தண்ணிதான்" என்று ஒவ்வொருவருக்கும் அவளே டம்ளரை எடுத்துக் கொடுத்தாள். வீடு கட்டியவளுக்கு முகம் சுருங்கிப் போனது.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது ஒரு வேடிக்கை. காலையில் அவளுக்கு யார் போன் போட்டாலும் முதல் கேள்வி, "மஞ்சள் வந்துச்சா?" அவள் பதில், "வந்துச்சு, நல்லா வந்துச்சு." அதற்குப் பிறகுதான் சௌக்கியம் விசாரிப்பது. பேசப் பழகிய நாளிலிருந்து என் மகளும் அத்தையிடம் அதைத்தான் கேட்பாள். இப்போது அவளுக்கு ஏழு வயது.

நான் பிளம்பர். ஊரில் கோபக்காரன் என்று பெயர், அதை நான் மறுக்கவில்லை. ஊரின் கடைசித் தெருவில், லாரி ஷெட்டுக்கு எதிர் வரிசையில் என் வீடு. எங்கள் தெருவைத் தாண்டினால் குழாயும் கிடையாது, ரோடும் கிடையாது. தண்ணீர் எல்லாருக்கும் போய் மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும்.

போன மழைக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் ஒரு வாடை. முதல் இரண்டு குடம் கலங்கலாக வரும், அப்புறம் தெளியும், ஆனால் வாடை போகாது. என் வீட்டுக்காரி, "காய்ச்சிக் குடிப்போம்ங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் அக்கா பார்த்து அனுப்புற தண்ணி. உனக்கு மட்டும் என்ன தனி மூக்கா?" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆனாலும் சந்தேகம் வந்து அக்காவிடம் கேட்டேன்.

"மாதிரி நல்லா இருக்குடா" என்றாள். "தினம் பார்க்கிறேன். பளிச்சுன்னு மஞ்சள் வருது. உங்க வீட்டுத் தொட்டியைக் கழுவி எத்தனை நாளாச்சு?"

தொட்டியைக் கழுவினேன். வாடை போகவில்லை. தெருவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு ஆபீசுக்கு மனு கொடுத்தோம். பதில் வந்தது. 'தங்கள் பகுதிக்கு வழங்கப்படும் குடிநீரின் மாதிரி நாள்தோறும் சோதிக்கப்பட்டு நல்ல தண்ணீர் எனப் பதிவு செய்யப்பட்டுள்ளது.' கீழே என்ஜினியர் கையெழுத்து. ஊருக்கே தண்ணீர் காட்டுவது என்பார்களே, அது இதுதான்.

ஒரு மாதம் போனது. என் மகள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். இரண்டு நாள் வாந்தி. மூன்றாம் நாள் காலையில் ஜன்னல் பக்கம் திரும்பி, "அப்பா, கண்ணு கூசுது" என்றாள். அவள் முகத்தை என் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

அக்காவுக்கு போன் போட்டேன். மணி ஏழேகால்.

"அக்கா, மஞ்சள் வந்துடுச்சு."

"வந்துச்சுடா, நல்லா வந்துச்சு" என்றாள். "எழுதிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்." வைத்துவிட்டாள்.

போனைச் சுவரில் அடித்திருப்பேன். மறுபடி போட்டேன். எடுத்ததும் கத்தினேன்.

"உன் டியூபுல இல்ல! என் பொண்ணு கண்ணுல வந்திருக்கு! நல்லா வந்திருக்கு! அதையும் உன் நோட்டுல எழுதிக்கோ!"

போனை வீசிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரியோடு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் இன்னும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மஞ்சள் கண்ணோடு. டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "எல்லாரும் ஒரே குழாய்த் தண்ணியா?" என் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "ஆமாம்மா. இவங்க அக்கா சர்ட்டிபிகேட் குடுத்த தண்ணி." நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வாயைத் திறப்பது?

"அந்தத் தண்ணியை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க, இல்லன்னா நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வருவாங்க" என்றார் டாக்டரம்மா.

மகளை அங்கே படுக்க வைத்து, வீட்டுக்காரியை அவளோடு விட்டுவிட்டு, துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அக்கா என் வீட்டு வாசல் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் பெயர் போட்ட அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. டியூபை மூன்று தடவை அலசினாள். தண்ணீர் பிடித்தாள். சொட்டு விட்டாள். வாய்விட்டு எண்ணினாள், ஒன்று முதல் ஐந்து வரை. குலுக்கினாள்.

நிறமே வரவில்லை.

கொட்டினாள், மறுபடி செய்தாள். வரவில்லை. அப்புறம் என் அக்கா ஆறாவது சொட்டை விட்டாள். ஏழு, எட்டு, பத்து. தண்ணீர் அப்படியே நின்றது. பக்கத்து வீட்டுக் குழாய், எதிர் வீட்டுக் குழாய், தெருமுனைக் குழாய், எல்லாவற்றுக்கும் ஓடினாள். ஒன்றிலும் மஞ்சள் இல்லை.

"காலையில ஆபீஸ்ல வந்துதேடா" என்றாள். "என் கண்ணால பார்த்தேன்டா. அதே தண்ணிதானே இங்கயும் வருது?"

"எந்தக் குழாய்ல பிடிச்ச?"

"எப்பவும் பிடிக்கிற குழாய்தான். ஆபீஸ் வராந்தாவுல இருக்கே."

"அதுக்கு லைன் எங்கேருந்து..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்த லைனைப் போட்டவனே நான்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். வராந்தாக் குழாய் ஊர் லைனில் இருந்தது. பல நாள் ஏழு மணிக்கு அதில் காற்றுதான் வரும். இவள் எட்டரை வரைக்கும் காத்துக் கிடந்து, என்ஜினியரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். "ஒரு வழி பண்ணுடா தம்பி" என்று கெஞ்சினாள். எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆபீஸ் வளாகத்திலேயே மேல்நிலைத் தொட்டி. அதன் காலடியில், குளோரின் கலக்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளித் துளை போட்டு, அரை இஞ்ச் குழாயை நேராக வராந்தாவுக்கு இழுத்துவிட்டேன். ஒரு மணி நேர வேலை. என்ஜினியர் வந்து பார்த்து, "பேஷ், இனிமே ரிப்போர்ட் லேட்டாகாது" என்று என் முதுகில் தட்டினார்.

ரிப்போர்ட் லேட்டாகவில்லை. பதினோரு வருடம் அவள் சோதித்தது ஊர்த் தண்ணீரை இல்லை. குளோரின் கலந்து ஒரு நிமிஷம்கூட ஆகாத, ஊருக்குள் போகவே போகாத தண்ணீரை. அதில் மஞ்சள் வராமல் என்ன பச்சையா வரும்? அவளுக்கு அது தோன்றவில்லை. போட்ட எனக்கும் தோன்றவில்லை. காலையில் அவள் மேல் கொட்டிய ஆத்திரத்தை இனி யார் தலையில் கொட்டுவது?

சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "இந்தத் தண்ணியை யாரும் குடிக்க வேணாம்னு தெருவுல சொல்லிடு. ஸ்பேனர் எடுத்துட்டு நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடு" என்றாள்.

போனேன். வராந்தாக் குழாயைக் கழற்றி, லைனை அடைத்தேன். என் கையால் போட்டது, என் கையாலேயே போகட்டும். என்ஜினியர் வந்தபோது அக்கா மேஜை மேல் டியூபை வைத்துவிட்டு நின்றாள். அதில் கடைசித் தெருத் தண்ணீர், ஐந்து சொட்டு, நிறம் இல்லை.

"இது எங்க எடுத்தது?"

"கடைசித் தெருவுல சார். அந்த லைனை உடனே மூடணும். அஞ்சு பிள்ளைங்க ஆஸ்பத்திரியில."

"அங்கெல்லாம் யாரும்மா எடுக்கச் சொன்னது? வழக்கமான இடத்துல எடுங்க."

"வழக்கமான இடத்துல குழாயே இல்ல சார்" என்றேன் நான்.

அவர் என்னை முறைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு அக்காவிடம் பேசினார். நல்லவர் வேஷம் போடுகிறாராம். "யோசிச்சுப் பாருங்க மேடம். பதினோரு வருஷமா நல்ல தண்ணின்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்கு இல்லன்னு எழுதினா, அத்தனையும் பொய்யின்னு ஆகும். முதல்ல போறது உங்க வேலை. குழாயை மாட்டச் சொல்லுங்க, எழுதிட்டுப் போங்க. லைனை அப்புறம் மெதுவா பார்த்துக்கலாம்."

"மெதுவாவா?" என்று நான் பாய்ந்தேன். "உங்க பிள்ளை கண்ணு மஞ்சளானா மெதுவாத்தான் பார்ப்பீங்களா?" அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினாள்.

பதிவேட்டைத் திறந்தாள். அதில் மூன்றே கட்டம். தேதி, மாதிரி எடுத்த இடம், முடிவு. இடம் என்கிற கட்டத்தில் 'கடைசித் தெரு, என் தம்பி வீட்டுக் குழாய்' என்று எழுதினாள். முடிவு என்கிற கட்டத்தில் 'குடிக்கக் கூடாது'. என்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் அதோடு விடவில்லை. பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். நேற்றைய தேதியில் அவள் முத்து முத்தான கையெழுத்தில் 'நல்ல தண்ணீர்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு சொல் சேர்த்தாள். மாதிரி. நல்ல தண்ணீர் மாதிரி. முந்தாநாளுக்கும் அதே. அதற்கு முந்தின நாளுக்கும் அதே.

"என்னம்மா பண்றீங்க? சர்க்கார் பதிவேடும்மா!" அவர் நோட்டைப் பிடுங்க வந்தார்.

"கையை எடுங்க சார். நான் எழுதின பொய், நானே திருத்தறேன்."

மூன்று பக்கம் எழுதியிருப்பாள். அப்படித் திருத்திய நோட்டை என்ஜினியர் யாரிடமும் காட்டவும் முடியாது, மறைக்கவும் முடியாது. வேறு வழியில்லாமல் அவரே மேலிடத்துக்கு போன் போட்டார். மதியத்துக்குள் எங்கள் தெரு வால்வை அடைத்தார்கள், லாரியில் தண்ணீர் வந்தது. அடுத்த நாள் தோண்டினார்கள். லாரி ஷெட்டுச் சாக்கடைக்குள்ளேயே எங்கள் குடிநீர்க் குழாய் படுத்துக் கிடந்தது. ஜாயின்ட் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

என்ஜினியருக்குப் பெரிய ஊருக்கு மாற்றல். அக்காவுக்கு சஸ்பென்ஷன். காரணம், பதிவேட்டைச் சேதப்படுத்தியது. பதினோரு வருடம் தப்பாக எழுதியபோது ஒருத்தனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரே ஒரு நாள் சரியாக எழுதினாள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்டால் விதிமுறையாம். நல்லா இருக்கட்டும் அவர்கள் விதிமுறை.

என் மகள் ஆறு வாரம் படுத்துக் கிடந்தாள். மற்ற நான்கு பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், பிள்ளையின் இமையை விரலால் இழுத்து வெள்ளை வருகிறதா என்று பார்த்தாள். என் வீட்டுக்காரி அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் பேசினாள். ஆனால் தண்ணீரைக் காய்ச்சாமல் இன்று வரை யாருக்கும் கொடுப்பதில்லை. நான் இப்போது அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற அக்கா, ஒரு டியூபும் மருந்தும் வாங்கி என் மகளிடம் கொடுத்திருக்கிறாள். தினம் காலையில் எங்கள் வாசல் குழாயில் சோதிக்க வேண்டும். அஞ்சுன்னா அஞ்சு. போன வாரம், புதுக் குழாய் பதித்துத் தண்ணீர் திறந்துவிட்ட அன்று, என் மகள் டியூபைக் குலுக்கிப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்துக்கொண்டு போன் போட்டாள்.

"அத்தை, மஞ்சள் வந்துடுச்சு!"

எனக்கும் கேட்கட்டும் என்று நான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"எதுலடி?" என்றாள் அக்கா. "கண்ணுலயா, டியூபுலயா?"

என் மகள் எட்டிப் பிடித்து போனுக்குள் கத்தினாள். "டியூபுல அத்தை, டியூபுல!" அக்கா 'நல்லது' என்று சொல்லவில்லை. "உங்கப்பனை உன் கண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்லு" என்றாள். நான் பிள்ளையை ஜன்னல் பக்கம் திருப்பி, இரண்டு இமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளையா இருக்குக்கா" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் போனை வைத்தாள்.