நகரி மலையில் தெற்கே விழுந்த நிழல்

கம்ப்யூட்டர் வேலைக்கு ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்கு ஏற்றிக்கொண்டிருந்த வருஷங்களில் நானும் ஏறினேன். சியாட்டிலில் ஆறு வருஷம். ஒரு ஜூன் மாதம் தம்பி சேகர் போன் செய்தான். நைனா போய்விட்டார். அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். மூத்தவன் நான், கொள்ளி நான்தான் வைக்க வேண்டும். ஐஸ் பாளம் அடுக்கி, மூன்றாம் நாள் மதியம் மூன்று மணி வரை வைத்திருப்பதாகச் சொன்னான்.

சென்னையில் காலை ஏழு மணி ரயில், ஒன்பதே முக்காலுக்கு நகரி. இறங்கினால் பந்த். பஸ் இல்லை. ரோட்டில் சுற்றிப் போனால் ஊர் 22 கிலோமீட்டர். "ஆளு நிக்கிறாங்கண்ணா, கண்ணாடிய ஒடச்சிருவாங்க" என்று மறுத்த ஆட்டோக்காரர், மலையடிவாரம் வரை நாலு கிலோமீட்டருக்கு அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார். அங்கிருந்து மலை தாண்டி வடக்கே ஆறு கிலோமீட்டர் நடை. பத்தே முக்காலுக்குக் கிளம்பினேன். நேரம் தாராளமாக இருந்தது.

சின்ன வயதில் நடந்த பாதையை கிரானைட் குவாரி விழுங்கியிருந்தது. பள்ளத்தைச் சுற்றிச் சுற்றிப் போன லாரித் தடத்தில் எனக்குத் திக்கே தெரியாமல் போயிற்று. மணி பன்னிரண்டே கால். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளைக் கேட்டேன். "இப்படிக்கா போ சாமி, புளியமரம் தாண்டினா ஊருதான்" என்று கையை நீட்டினார்.

எனக்கா நம்பிக்கை வரும்? சியாட்டிலில் வாராவாரம் மலையேறியவன். நடுப்பகல் நிழல் வடக்கைக் காட்டும் என்பது அங்கே பாலபாடம். ஒரு குச்சியை நட்டேன். ஒரு சாண்கூட இல்லாத நிழல், அவர் காட்டியதற்கு நேர் எதிரே விழுந்தது. பாவம், இந்த அம்மாளுக்குத் திசை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நிழல் பக்கம் நடந்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒன்றே முக்காலுக்கு எதிரே ரயில் தண்டவாளம். வந்தது தெற்கே! என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். திட்டிக்கொண்டே திரும்பி ஓடினேன். ஊர் எல்லையைத் தொட்டபோது மணி நாலு, சுடுகாட்டில் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

சேகர் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"மூணு மணிக்கும் தூக்கலண்ணா. நீ வந்துருவன்னு பாத்துக்கினுதான் இருந்தோம். அப்பறம் ஆடு மேய்க்கிற அம்மா வந்துச்சி. நான் வழி சொன்னேன், குச்சி நட்டுப் பாத்துட்டு அந்தாண்ட பூட்டாருன்னு சொல்லிச்சி. அதுக்கப்பறம்தான் தூக்கினோம்."

இந்தப் பக்கம் நடக்க வருகிறவர்களுக்காக, பிறகு நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அதனால் நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள், கால் மணி கழித்து மறுபடி வையுங்கள். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. இது எந்த மாதமும் ஏமாற்றாது. துருவ நட்சத்திரத்தை நம்பி இருக்க வேண்டாம். சியாட்டிலில் பாதி வானம் ஏறி நிற்பது இங்கே அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும், சின்னக் குன்றுகூட மறைத்துவிடும்.

ஆள் கண்ணில் பட்டால் இது எதுவும் வேண்டாம், கேளுங்கள். கேட்டால் நம்புங்கள். அந்த அம்மாள் கை காட்டிய பக்கம் நடந்திருந்தால் ஒன்றரை மணிக்கு நான் நைனாவின் முகத்தைப் பார்த்திருப்பேன்.